தடுப்பூசி விலக்கு: கையெழுத்தா, வகுப்பா, கட்டாயமா? அமெரிக்க மாநிலங்களில் எதை ஆதரிப்பது

"எங்கள் மாநிலத்தில் தடுப்பூசி விலக்கு பற்றி மசோதா வருகிறது, பிரதிநிதிக்கு மெயில் அனுப்பச் சொல்லிப் பள்ளி வாட்ஸாப் குழுவில் இரண்டு பக்கமும் இழுக்கிறார்கள், எந்தப் பக்கம் நிற்பது?" அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோர் நாலைந்து பேர் இந்த ஒரு வருடத்துக்குள் என்னிடம் கேட்டுவிட்டார்கள். தடுப்பூசி நல்லதா கெட்டதா என்பதல்ல அவர்களுடைய சந்தேகம், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு எல்லாம் போட்டாகிவிட்டது. போடாத பெற்றோரிடம் அரசு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதில்தான் குழப்பம். கட்டாயப்படுத்தினால் அது அராஜகம் போலத் தெரிகிறது, விட்டுவிட்டால் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு ஆபத்து. நடுவில் "பெற்றோருக்கு எடுத்துச் சொன்னால் போதுமே" என்று ஒரு குரல் எப்போதும் வருகிறது, கேட்க நன்றாகவும் இருக்கிறது.

முதலில் சட்டம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாம். பள்ளித் தடுப்பூசிச் சட்டம் மாநிலங்களின் கையில் இருக்கிறது. ஐம்பது மாநிலங்களிலும் பள்ளியில் சேரத் தட்டம்மை, போலியோ, கக்குவான் இருமல் போன்றவற்றுக்குத் தடுப்பூசி கேட்கிறார்கள். உடல்நிலை காரணமாகப் போட முடியாத குழந்தைக்கு எல்லா மாநிலங்களும் விலக்குத் தருகின்றன, அதில் யாருக்கும் தகராறு இல்லை. தகராறெல்லாம் மருத்துவம் சாராத விலக்கில்தான். மதக் காரணம் சொன்னால் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றுக்கொள்கின்றன. "இது என் சொந்த நம்பிக்கை" என்றாலும் பதினைந்து மாநிலங்கள் போல ஏற்கின்றன. கலிபோர்னியா, நியூயார்க், மெயின், கனெக்டிகட் ஆகிய நான்கும் இரண்டையும் ஏற்பதில்லை. மேற்கு வர்ஜீனியாவும் அப்படித்தான் இருந்தது, 2025 ஜனவரியில் ஆளுநர் மத விலக்குக்கு வழிவிட்டு ஓர் உத்தரவு போட்டதிலிருந்து அது நீதிமன்றத்தில் இழுபடுகிறது.

அரசுக்குக் கட்டாயப்படுத்த அதிகாரம் உண்டா என்பது பழைய கேள்வி. 1905-ல் ஜேக்கப்சன் வழக்கில் பெரியம்மைத் தடுப்பூசிக்கும், 1922-ல் ஸுக்ட் வழக்கில் பள்ளிச் சேர்க்கைக்கும் உச்ச நீதிமன்றம் 'உண்டு' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. எவ்வளவு இறுக்குவது என்பதுதான் இன்றைய சண்டை. 2024–25 கல்வியாண்டில் கிண்டர்கார்ட்டனில் சேர்ந்த பிள்ளைகளில் 3.6 சதவீதம் பேர் ஏதாவது ஒரு தடுப்பூசிக்கு விலக்கு வாங்கியிருந்தார்கள். இடாஹோவில் மட்டும் அது 15 சதவீதத்துக்கு மேல். தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டவர்கள் 2019–20-ல் 95.2 சதவீதமாக இருந்தார்கள், 2024–25-ல் 92.5.

## நான் போட்ட கையெழுத்து

ஒப்பிடுவதற்கு முன்னால் என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தில் என் கருத்து அங்கிருந்துதான் வருகிறது.

2013 கோடையில் நாங்கள் மிச்சிகனுக்கு வந்தோம். மகளுக்கு அப்போது ஐந்து வயது முடிந்திருந்தது. பள்ளி திறக்க ஒன்பது நாள் இருக்கும்போது அவளுடைய தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த மஞ்சள் அட்டை, நான்காக மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டியிருந்தது. ஊதா முத்திரையில் பாதி எழுத்து தெரியாது. அலுவலகத்தில் இருந்த அம்மா நல்லவர், பொறுமையாகத் தேதிகளைக் கணினியில் ஏற்ற ஆரம்பித்தார். "23/4/09" என்ற இடத்தில் நின்றுவிட்டார். இருபத்துமூன்றாவது மாதம் என்று ஒன்று உண்டா என்ற மாதிரி என்னைப் பார்த்தார். நாள் முதலில், மாதம் அப்புறம் என்று விளக்கினேன். சரி என்று மாற்றி ஏற்றினால் அடுத்த சிக்கல்: அது ஒன்பதாம் மாதத்தில் போட்ட தட்டம்மை ஊசி. முதல் பிறந்தநாளுக்கு முன்னால் போட்டது இங்கே கணக்கில் வராது. ஆக எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசி) ஒன்று பாக்கி, சின்னம்மைக்கு ஒன்று பாக்கி.

புது வேலை, புதுக் காப்பீடு, குழந்தை மருத்துவரிடம் கிடைத்த நேரமோ ஆறு வாரம் தள்ளி. எனக்குப் பின்னால் எட்டுப் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். அந்த அம்மா இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து, "இப்போதைக்கு இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். போட்டேன். படித்துக்கூடப் பார்க்கவில்லை. அது விலக்குப் படிவம். காரணம் என்ற இடத்தில் 'மற்றவை' என்ற கட்டத்தில் அவரே ஒரு டிக் போட்டுக் கொடுத்திருந்தார்.

பாக்கி இரண்டு ஊசியும் அவளுக்குப் போட்டது எட்டு மாதம் கழித்துத்தான். ஆறு வாரத்தில் வந்த அந்த நேரத்தை வேலை காரணமாகத் தள்ளினேன், பள்ளி யாரும் கேட்கவில்லை, நானும் மறந்துபோனேன். தடுப்பூசியை மறுத்த பெற்றோர் என்ற மாநிலக் கணக்கில் அந்த வருடம் நானும் ஒருத்தி. தடுப்பூசிக்கு எதிராக என் மனதில் ஒரு துளி எண்ணம்கூட இல்லை.

விலக்கு வாங்குகிறவர்கள் எல்லாரையும் நாம் ஒரே கூட்டமாக நினைத்துக்கொள்கிறோம், அதுதான் பிழை. உறுதியாக மறுப்பவர்கள் ஒரு வகை. பயந்து தயங்குகிறவர்கள் இன்னொரு வகை. கையெழுத்துப் போடுவது சுலபமாக இருந்ததால் போட்டவர்கள் மூன்றாவது வகை, நான் அந்த வகை. ஒரு கொள்கை எந்த வகையை எட்டுகிறது என்று பார்க்காமல் அது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது.

## எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து கேள்வி கேட்கிறேன்.

முதலாவது, வசதிக்காகப் போடும் கையெழுத்தை அது நிறுத்துகிறதா? இரண்டாவது, மாநிலச் சராசரியை விடுங்கள், மறுப்பவர்கள் கொத்துக் கொத்தாக வாழும் ஊரில் என்ன ஆகிறது? தட்டம்மை வந்த ஒருவர் அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் இருக்கும், பாதுகாப்பில்லாத பத்துப் பேர் அருகில் இருந்தால் ஒன்பது பேருக்கு ஒட்டும். அதனால்தான் 95 சதவீதம் பேராவது தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்ற கோடு. மாநிலம் முழுக்க 94 இருந்து, ஒரு பள்ளியில் 60 இருந்தால் நோய்க்கு அந்த ஒரு பள்ளி போதும். மூன்றாவது, சட்டத்தில் ஓட்டை எங்கே, எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள்? நான்காவது, செலவு யார் தலையில் விழுகிறது, அதிலும் மணிக்கணக்கில் கூலி வாங்கும் பெற்றோர் மீது எவ்வளவு? ஐந்தாவது, அடுத்த தேர்தலுக்கும் அடுத்த வழக்குக்கும் அது தாக்குப்பிடிக்குமா?

## வழி 1: ஒரு கையெழுத்து போதும்

பெற்றோர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. இதில் இருக்கும் நல்லதையும் சொல்ல வேண்டும்: யாரும் அவமானப்படுவதில்லை, பிள்ளை பள்ளியை விட்டு விலகுவதில்லை, அரசுக்குச் செலவில்லை, வழக்கும் கிடையாது. மறுப்பவர்கள் பள்ளிப் பதிவேட்டிலேயே இருப்பதால், நோய் வந்தால் எந்தப் பிள்ளையை வீட்டில் வைக்க வேண்டும் என்று அன்றைக்கே தெரியும்.

இதன் மறைமுகச் செலவு நோய் வரும் நாளில்தான் தெரியும். எவ்வளவு ஆகும் என்பதற்கு, ஆலோசனை விதி இருந்த ஒரு மாநிலத்தின் கணக்கே இருக்கிறது: 2019-ல் வாஷிங்டன் மாநிலத்தின் கிளார்க் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போல) எழுபது சொச்சம் பேருக்குத் தட்டம்மை வந்தது. அதைக் கட்டுப்படுத்தவும், சிகிச்சைக்கும், வேலை இழப்புக்கும் சேர்த்து 34 லட்சம் டாலர் ஆனது என்று பிறகு கணக்கிட்டார்கள். நோய்த்தொடர்பு ஏற்பட்ட தடுப்பூசி போடாத பிள்ளை 21 நாள் பள்ளிக்கு வர முடியாது, அந்த மூன்று வாரமும் அம்மாவோ அப்பாவோ வேலைக்குப் போக முடியாது.

அதைவிடப் பெரிய செலவை டெக்சாஸ் கொடுத்தது. அங்கே 2003-லிருந்து மனசாட்சி விலக்கு உண்டு, ஆனாலும் படிவத்தைச் சுகாதாரத் துறையிடம் எழுதிக் கேட்டு, தபாலில் வாங்கி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. 2025 தொடக்கத்தில் நோய் வெடித்த கெய்ன்ஸ் கவுண்டியில் கிண்டர்கார்ட்டன் பிள்ளைகளில் ஏறக்குறைய 18 சதவீதம் பேர் விலக்கு வாங்கியிருந்தார்கள். ஆகஸ்டில் நோய் ஓய்ந்ததாக அறிவித்தபோது கணக்கு 762 பேர். தடுப்பூசி போடாத இரண்டு பள்ளிக் குழந்தைகள் இறந்துபோனார்கள், இருவருக்கும் வேறு நோய் எதுவும் இருந்ததில்லை. இதற்குப் பிறகும் அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் படிவத்தை இணையத்திலேயே பதிவிறக்கிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. இந்தத் தகவலைப் படித்த அன்று எனக்கு மனது ஆறவில்லை. நோட்டரியைத் தவிர இருந்த ஒரே தடுப்பு தபால்காரர்தான், அவரையும் எடுத்துவிட்டார்கள்.

இந்த வழி எப்போது பொருந்தும்? தடுப்பூசி நம்பிக்கை ஏற்கனவே மிக உயர்ந்து, கொத்துகளே இல்லாத ஊருக்குப் பொருந்தலாம். அப்படி ஒரு மாநிலத்தை இன்று என்னால் காட்ட முடியாது.

## வழி 2: இணையத்தில் ஒரு பாடம்

விலக்கு வேண்டுமா, முதலில் இந்தப் பாடத்தைப் பார்த்துச் சான்றிதழை அச்செடுத்துக் கொண்டுவா என்பது இந்த வழி. ஆரிகனில் 2014 முதல் இருக்கிறது, மருத்துவரைப் பார்த்துக் கையெழுத்து வாங்குவது அங்கே இன்னொரு வழி. யூட்டாவிலும் பாடம் உண்டு. கொலராடோ 2020-ல் இயற்றிய சட்டத்திலும் இணையப் பாடமோ மருத்துவர் கையெழுத்தோ ஏதாவது ஒன்று போதும்.

சட்டமன்ற உறுப்பினர்களுக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், ஏனென்றால் யாரையும் கோபப்படுத்தாமல் ஏதோ செய்ததாகக் காட்டலாம். மலிவு. கிராமத்தில் இருப்பவரும் ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து முடிக்கலாம். கூலி இழக்கும் பெற்றோருக்கு உண்மையிலேயே இது நல்லது.

ஆனால் மருத்துவரிடம் போவதைவிட லேப்டாப்பில் பார்ப்பது எளிது, அதனால் கூட்டம் அங்கேதான் போகிறது. ஆரிகனில் விலக்கு 2023–24-ல் 8 சதவீதத்தைத் தாண்டியது, யூட்டாவில் 2024–25-ல் 10 சதவீதத்தைத் தாண்டியது. பாடம் இருந்தும்தான் இந்த எண்கள். அரிசோனா இணையப் பாடத்தைச் சோதனையாகத் தொடங்கி, பெற்றோர் சிலர் எழுதிய எதிர்ப்பு மனுக்களைப் பார்த்ததும் 2018-ல் கைவிட்டுவிட்டது. சரி, ஏன் வேலை செய்யவில்லை? பயந்த தாய் கேட்க வந்த கேள்வி ஒன்று, பாடத்தில் இருக்கும் பதில் வேறொன்று. "என் அக்கா மகனுக்கு ஊசி போட்ட வாரத்தில் ஜன்னி வந்தது" என்று அவள் சொன்னால், திரை அதைக் கேட்பதில்லை. உறுதியாக மறுப்பவர் ஒலியை அணைத்துவிட்டு அடுத்தது, அடுத்தது என்று தட்டிக்கொண்டே போய்விடுவார்.

என்னைப் போன்ற மூன்றாவது வகையை இது கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். பள்ளி இழுப்பறையில் படிவம் இருக்கும் மாநிலத்தில் முதல் படியாக ஏற்கலாம். வேறு எதற்கும் இதை மட்டும் ஆதரித்து மெயில் எழுதாதீர்கள்.

## வழி 3: நேரில் உட்கார்ந்து பேசுவது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் "எடுத்துச் சொன்னால் போதும்" என்பவர்கள் சொல்வதில் எவ்வளவு உண்மை என்பது இதில்தான் தெரிகிறது.

மிச்சிகன் 2015 ஜனவரி 1 முதல் விதியை மாற்றியது. பள்ளியில் கையெழுத்துப் போட்டு விலக்கு வாங்க முடியாது. உள்ளூர் சுகாதாரத் துறைக்கு நேரில் போய், செவிலியரோடு உட்கார்ந்து பேசி, அவர் முத்திரை போட்ட படிவத்தைக் கொண்டுவர வேண்டும். முதல் வருடத்திலேயே விலக்குகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. வாஷிங்டன் மாநிலம் இதற்கு முன்பே, 2011-ல், மருத்துவப் பணியாளர் ஒருவர் ஆலோசனை சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் போட்டது, அங்கே விலக்குகள் 40 சதவீதம் போலக் குறைந்தன. கலிபோர்னியாவிலும் 2014-ல் இதே மாதிரி விதி வந்ததும் சொந்த நம்பிக்கை விலக்கு 3.1-லிருந்து 2.5 சதவீதமாக இறங்கியது.

இந்தக் குறைவு எல்லாம் மனம் மாறியவர்களால் வந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. பெரும்பகுதி என்னைப் போன்றவர்கள். ஊசி போட அரை நாள், விலக்கு வாங்கவும் அரை நாள் என்று ஆகிவிட்டால் ஊசியையே போட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள். மறுப்பது ஒப்புக்கொள்வதைவிட எளிதாக இருக்கக் கூடாது, அதுதான் இந்த வழியின் உயிர். அதோடு, தயங்குகிறவர்களுக்கு இங்கே ஒரு மனிதரின் முகம் கிடைக்கிறது. தெரிந்தவர் ஒருவர் 2016-ல் தன் மகனுக்கு விலக்கு வாங்கப் போய், முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, விலக்கையும் வாங்கிக்கொண்டுதான் வந்தார். செவிலியர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, "நீங்கள் மனம் மாறினால் இதே நம்பர்" என்று தன் மேசை எண்ணை எழுதிக் கொடுத்தார். அடுத்த வசந்தத்தில் அந்தத் தெரிந்தவரே அந்த எண்ணை அழைத்து மகனுக்கு ஊசி போட்டுவிட்டார்.

இதிலும் குறைகள் உண்டு. ஒன்று, நாள்பட நாள்பட வேகம் குறைகிறது. மிச்சிகனில் முதல் வருடம் இறங்கிய எண் அடுத்த சில வருடங்களில் மறுபடி ஏற ஆரம்பித்தது. மறுப்பவர்கள் நடைமுறையைப் பழகிக்கொண்டார்கள், என்ன பேசி எப்படி முடிப்பது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இரண்டு, செலவு செவிலியர்களின் நேரத்தில் விழுகிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் சுகாதாரத் துறை அலுவலகங்கள் விலக்கு கேட்பவர்களால் நிரம்பினால், ஊசி போட வந்த ஏழைக் குடும்பம் வரிசையில் நிற்கும். சட்டத்தோடு பணம் வராவிட்டால் இதுதான் நடக்கும், மசோதாவைப் படிக்கும்போது நிதி ஒதுக்கீடு என்ற பத்தியைத் தேடிப் பாருங்கள். மூன்று, பக்கவாசல்கள். கலிபோர்னியாவில் விதி நடைமுறைக்கு வந்தபோதே ஆளுநரின் குறிப்பின் பேரில் 'மதக் காரணம்' என்று ஒரு கட்டத்தைச் சேர்த்தார்கள், அதில் டிக் போட்டவர்களுக்கு ஆலோசனை தேவைப்படவில்லை.

விலக்கு மாநிலம் முழுக்கப் பரவலாக, மெலிசாக இருந்தால் என்னுடைய முதல் தேர்வு இது.

## வழி 4: மருத்துவக் காரணம் தவிர வேறு விலக்கு இல்லை

2014 டிசம்பரில் டிஸ்னிலேண்டில் தொடங்கிய தட்டம்மை நூற்றுக்கு மேற்பட்டோருக்குப் பரவிய பிறகு கலிபோர்னியா இந்த வழிக்கு வந்தது. 2015-ல் சட்டம், 2016 ஜூலை முதல் நடைமுறை. முழுத் தடுப்பூசியும் போட்ட கிண்டர்கார்ட்டன் பிள்ளைகள் 2014–15-ல் 90.4 சதவீதம், 2016–17-ல் 95.6. பெரிய ஏற்றம், ஆனால் புகழ் முழுவதையும் இந்தச் சட்டத்துக்குக் கொடுத்துவிட முடியாது. "பிறகு போட்டுக்கொள்கிறேன்" என்று தற்காலிகமாகச் சேர்ந்த பிள்ளைகள் அதே காலத்தில் 6.9 சதவீதத்திலிருந்து 1.9 ஆகக் குறைந்தார்கள். பள்ளிகள் அவர்களைத் துரத்திப் பிடித்ததுதான் காரணம். பள்ளி அலுவலகத்தில் ஒருவர் ஒழுங்காகத் தொலைபேசி எடுத்துப் பேசியதற்கும் சட்டத்துக்கு இணையான பலன் இருந்திருக்கிறது. இதை யாரும் தலைப்புச் செய்தியாக எழுதுவதில்லை.

ஓட்டையும் உடனே வந்தது. மருத்துவ விலக்கு ஒரே வருடத்தில் 0.2-லிருந்து 0.5 சதவீதமானது. பணம் வாங்கிக்கொண்டு விலக்குச் சீட்டு எழுதித் தரும் மருத்துவர்கள் கிளம்பினார்கள். 2019-ல் இன்னொரு சட்டம் போட்டு, வருடத்துக்கு ஐந்தோ அதற்கு மேலோ விலக்கு எழுதும் மருத்துவரின் சீட்டுகளை மாநிலம் பரிசீலிக்கும் என்று அடைக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கல்விக்கு மாறிய குடும்பங்களும் உண்டு. அந்தப் பிள்ளைகள் பள்ளிக் கணக்கிலிருந்து மறைகிறார்கள், பூங்காவிலும் கோயிலிலும் மறைவதில்லை.

பாதி மூடுவது இன்னும் மோசம். வெர்மாண்ட் 2016-ல் தத்துவ விலக்கை, அதாவது சொந்த நம்பிக்கை விலக்கை, எடுத்துவிட்டு மத விலக்கை வைத்துக்கொண்டது. மத விலக்கு 0.5 சதவீதத்திலிருந்து 3.7 சதவீதமாகத் தாவியது. ஒரே வருடத்தில் அத்தனை பேருக்குப் பக்தி வந்துவிடவில்லை, திறந்திருந்த கதவு அது ஒன்றுதான்.

நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியை மையமாக வைத்து 2018 இலையுதிர் காலத்தில் தொடங்கிய தட்டம்மையில் நகரத்தில் மட்டும் 649 பேர் பாதிக்கப்பட்டார்கள். 2019 ஜூனில் மத விலக்கை மாநிலம் உடனடியாக நீக்கியது. சுமார் 26,000 பிள்ளைகள் விலக்கில் இருந்தார்கள், பெரிய அவகாசம் தரவில்லை. கனெக்டிகட் 2021-ல் நீக்கியபோது ஏற்கனவே கிண்டர்கார்ட்டனிலோ அதற்கு மேலோ விலக்கோடு படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை அப்படியே விட்டது. மெயினில் 2020 மார்ச்சில் மக்கள் வாக்கெடுப்பே நடந்தது, ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் சட்டத்தைக் காப்பாற்றினார்கள். மக்களிடம் கேட்டு நின்ற சட்டம் என்பதால் மெயினின் பாதை எனக்குப் பிடிக்கிறது.

தாக்குப்பிடிக்குமா என்ற கேள்வியில்தான் இந்த வழி ஆடுகிறது. மிசிசிப்பியில் 1979-லிருந்து மத விலக்கே கிடையாது, தடுப்பூசி விகிதத்தில் நாட்டின் உச்சியில் இருந்த மாநிலம் அது. 2023-ல் ஒரு மத்திய நீதிபதி விலக்குத் தரச் சொன்னார். நியூயார்க்கில் அமிஷ் (நவீன வசதிகளை ஒதுக்கி வாழும் ஒரு கிறிஸ்தவப் பிரிவு) பள்ளிகள் தொடுத்த வழக்கை 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடி பார்க்கச் சொல்லிக் கீழே அனுப்பியிருக்கிறது. ஆக இன்று இந்தச் சட்டம் போடும் மாநிலம் பல வருட வழக்குச் செலவையும் சேர்த்துத்தான் வாங்குகிறது.

இருந்தாலும், ஒரு பகுதியில் விலக்கு பத்து, பதினைந்து சதவீதத்துக்குப் போய்விட்டால் வேறு எதுவும் அந்தக் கொத்தை உடைப்பதில்லை. இரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்குத் தட்டம்மை ஊசி போட முடியாது, ஒரு வயது ஆகாத குழந்தைக்கு அதை இங்கே வழக்கமாகப் போடுவதில்லை. அவர்களுக்குச் சுற்றி இருப்பவர்கள்தான் வேலி. அந்த இடத்தில் நான் தயங்காமல் இதை ஆதரிப்பேன்.

## வழி 5: கட்டாயமே வேண்டாம்

2025 செப்டம்பரில் புளோரிடா ஆளுநரும் மாநிலத் தலைமை மருத்துவரும் பள்ளித் தடுப்பூசிக் கட்டாயம் அனைத்தையும் எடுக்கப்போவதாக அறிவித்தார்கள். சில தடுப்பூசிகளைச் சுகாதாரத் துறையே விதியை மாற்றி எடுத்துவிடலாம், தட்டம்மை, போலியோ போன்றவற்றுக்குச் சட்டமன்றம் வாக்களிக்க வேண்டும்.

தமிழ்நாட்டைக் காட்டி, "ஊரில் பள்ளிக்குக் கட்டாயமா இருக்கிறது, எல்லாரும் போடவில்லையா" என்று என்னிடமே ஒருவர் வாதாடினார். உண்மைதான், ஊரில் சட்டம் இல்லை. ஆனால் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். கர்ப்பம் பதிவான நாளிலிருந்து அவர் நோட்டில் பெயர் இருக்கும், தவணை தப்பினால் வாசலில் வந்து நின்று "ஏன்மா பாப்பாவைக் கூட்டிட்டு வரலை" என்று கேட்பார். அப்படியிருந்தும் 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா முகாம் நடந்தபோது வாட்ஸாப் வதந்திகளால் பள்ளிகளில் பெற்றோர் திரண்டு வந்து பிள்ளைகளை அழைத்துப் போனதைப் பார்த்தோம், முகாமையே நீட்டிக்க வேண்டியிருந்தது. புளோரிடாவில் வாசலுக்கு வரும் செவிலியர் கிடையாது. கட்டாயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்காமல் போவதை ஒரு கொள்கை என்றே என்னால் சொல்ல முடியவில்லை. எந்தச் சூழலுக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| வழி | வசதிக் கையெழுத்து நிற்குமா | கொத்து உடையுமா | பெரிய ஓட்டை | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| கையெழுத்து மட்டும் | நிற்காது | உடையாது | தேவையே இல்லை | நோய் வரும்போது மொத்தமும் |
| இணையப் பாடம் | கொஞ்சம் | உடையாது | பார்க்காமல் தட்டிவிடுவது | வீணான காலம் |
| நேரில் ஆலோசனை | பெருமளவு | அரிது | மதக் கட்டம் போன்ற பக்கவாசல் | செவிலியர் நேரம், பெற்றோரின் விடுப்பு |
| மருத்துவ விலக்கு மட்டும் | முழுக்க | பெரும்பாலும் | போலி மருத்துவச் சீட்டு, வீட்டுக்கல்வி | வழக்கு, அரசியல் எதிர்வினை |
| கட்டாயம் இல்லை | பொருந்தாது | பெருகும் | – | பலவீனமான பிள்ளைகள் |

## அட்டவணைக்கு வெளியே இருக்கும் கல்வி

மசோதாவில் 'கல்வி' என்ற சொல்லைப் பார்த்ததும் நாம் மகிழ்ந்துவிடுகிறோம். யார், எந்த மொழியில், எப்போது சொல்கிறார்கள் என்று பாருங்கள். மினசோட்டாவில் விலக்குக்கு நோட்டரி கையெழுத்து வேண்டும். ஆனாலும் அங்கே சோமாலிக் குடும்பங்களில் இரண்டு வயதுக்குள் எம்.எம்.ஆர். போட்ட பிள்ளைகள் 2004-ல் 92 சதவீதமாக இருந்து பத்தே வருடத்தில் 42-க்கு விழுந்தார்கள். ஆட்டிசம் பயத்தை அவர்களிடம் வந்து விதைத்தவர்கள் வீடு வீடாக, கூட்டம் கூட்டமாகப் பேசியிருந்தார்கள். 2017-ல் 75 பேருக்குத் தட்டம்மை வந்தது, பெரும்பாலும் அந்தக் குழந்தைகள். பிறகு அதைத் திருப்ப இமாம்களும் சோமாலி மொழி பேசும் சுகாதாரப் பணியாளர்களும் வேண்டியிருந்தார்கள்.

புரூக்ளினிலும் இதே கதைதான். ஆர்த்தடாக்ஸ் யூதக் குடும்பங்களுக்குள் தடுப்பூசிக்கு எதிரான கையேடு ஒன்று சுற்றியது. அதே சமூகத்தைச் சேர்ந்த செவிலியர்கள் அந்தக் கையேட்டில் இருந்த வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் எழுதித் தாங்களே ஒரு கையேடு தயாரித்தார்கள், வீடுகளில் சிறு கூட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். கல்வி என்று நான் நம்புவது இதைத்தான். படிவம் வாங்க வரும் நாளில் சொல்வது ரொம்பத் தாமதம், கர்ப்பகாலத்திலேயே சொல்ல வேண்டும்.

## உங்கள் மாநிலத்துக்கு எது

பள்ளி வாரியான தடுப்பூசி எண்ணைப் பல மாநிலங்கள் இணையத்தில் வெளியிடுகின்றன. முதலில் உங்கள் கவுண்டியையும் பள்ளியையும் பாருங்கள். எண் 93, 94 என்று நின்று, தற்காலிகச் சேர்க்கையில் நிறையப் பிள்ளைகள் இருந்தால், எந்த விலக்குச் சட்டத்துக்கும் முன்னால் பள்ளிக்கு ஒரு பதிவு அலுவலரும் ஆகஸ்டில் பள்ளியிலேயே ஊசி முகாமும் கேளுங்கள். விலக்கே காரணம், ஆனால் எங்கும் பரவலாக என்றால் மிச்சிகன் போல நேரில் ஆலோசனை, நிதியோடு, மதக் கட்டம் என்ற பக்கவாசல் இல்லாமல். கொத்து முற்றிவிட்டது என்றால் விலக்கு நீக்கம், அதோடு மருத்துவச் சீட்டுகளைப் பரிசீலிக்கும் ஏற்பாட்டையும் முதல் நாளிலேயே எழுதிவிட வேண்டும், கலிபோர்னியா மூன்று வருடம் காத்திருந்த மாதிரி வேண்டாம். ஏற்கனவே இருக்கும் விலக்கைத் தளர்த்தும் மசோதா வந்தால், டெக்சாஸ் மாதிரி, எதிர்த்து எழுதுங்கள். குடியுரிமை இல்லாதவர்களும் எழுதலாம், சட்டமன்றக் குழு விசாரணையில் பேசலாம், விசா என்ன என்று யாரும் கேட்பதில்லை.

பேச ஒருவருக்கு இரண்டு நிமிடம்தான் கொடுப்பார்கள். தட்டம்மை ஆபத்தானது என்று தொடங்கினால் அந்த இரண்டு நிமிடமும் போய்விடும், அது அவர்களுக்குத் தெரியும். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் பெயர், அதன் இந்த வருட எண், ஐந்து வருடத்துக்கு முந்தைய எண், எந்த மசோதாவின் எந்தப் பிரிவு வேண்டும் அல்லது வேண்டாம், இவ்வளவு போதும். அப்புறம் நேரம் மிச்சமிருந்தால் உங்கள் வீட்டுக் கதை.

ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று: விமானம் ஏறுவதற்கு முன்னால் மஞ்சள் அட்டையைக் குழந்தை மருத்துவரிடம் காட்டி, மாதத்தை எண்ணில் எழுதாமல் ஏப்ரல், அக்டோபர் என்று எழுத்தில் எழுதி, ஊசியின் முழுப் பெயரோடு ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். ஒன்பதாம் மாதத்து ஊசி இங்கே கணக்கில் வராது, குழந்தை ஒரு வயதைத் தாண்டியிருந்தால் எம்.எம்.ஆர். பற்றி அங்கேயே கேளுங்கள். பள்ளி அலுவலகத்தில் யாராவது இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை நீட்டினால், வரிசையில் பின்னால் எத்தனை பேர் நின்றாலும் சரி, நின்று படியுங்கள்.